குகைக்குக் குரல் கொடுப்பவர்கள்

ஒலி-ஒளிக் காட்சிக்கு யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. அந்த வடிவத்துக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் இது. சினிமாவுக்கு விமரிசனம் உண்டு, நாடகத்துக்கு உண்டு, ஏன், டிவி சீரியலைக்கூட நாலு பேர் உட்கார்ந்து அலசுகிறார்கள். ஆனால் பொதுப்பணத்தில், பல நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு அரண்மனையையோ பாறையையோ திரையாக்கி, ஊர் ஊராக வருகிறவர்களுக்கு ‘இதுதான் உன் வரலாறு’ என்று சொல்லித் தருகிற ஒரு வடிவத்தைப் பற்றி நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். டிக்கெட் எவ்வளவு? தமிழ் ஷோ எத்தனை மணிக்கு?

இதன் பிறப்பிடம் பிரான்ஸ். 1952இல் ஷாம்போர் மாளிகையில் முதல் காட்சி நடந்தது. நடத்தியவர் அந்த மாளிகையின் காப்பாளர் போல் ரொபேர்-ஊதேன். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே வாய்பிளக்க வைத்த மேஜிக் கலைஞர் ஒருவரின் குடும்ப வாரிசு அவர். இந்தத் தகவலை நான் வெறும் சுவாரஸ்யத்துக்காகச் சொல்லவில்லை. மேஜிக்கின் அடிப்படையே, இங்கே பார் என்று ஒரு கையைக் காட்டி மறுகையை மறைப்பதுதானே. ஒலி-ஒளிக் காட்சியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு தூணுக்கு விளக்கு விழும்போது பக்கத்துத் தூண் இருட்டுக்குப் போகிறது. எதற்கு விளக்கு, எதற்கு இருட்டு என்று முடிவெடுப்பவர் அரங்கில் இல்லை, டிக்கெட்டிலும் அவர் பேர் பெரும்பாலும் இருக்காது.

இந்தியாவுக்கு வந்தபோது இது இன்னொரு வேஷம் கட்டிக்கொண்டது. டெல்லி செங்கோட்டையில் தொடங்கி, 1981இல் மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கு வந்து சேர்ந்தது. மகால் கட்டப்பட்டது 1636இல். அங்கே சொல்லப்படும் கதையில் நாயக்கரோடு கண்ணகியும் கோவலனும் வருகிறார்கள். அந்தக் கட்டடத்துக்கும் கண்ணகிக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் இடைவெளி. இதைத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மதுரைக்கு வருகிறவன் மனதில் கண்ணகியும் இருக்கிறாள், நாயக்கரும் இருக்கிறார். அந்தப் பருத்த தூண்களுக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்து ஒரு பழங்கதையைக் கேட்பதில் ஒரு சுகமும் இருக்கிறது. ஆனால் கட்டடம் அங்கே பேசவில்லை, அதன் வழியாக வேறு யாரோ பேசுகிறார்கள். அரண்மனை அதைத் தாங்கிக்கொள்ளும். அது கட்டப்பட்டதே நாலு பேர் பார்த்து மலைக்கத்தான். தர்பார் என்பதே ஒரு காட்சி.

குகை அப்படியில்லை. என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

*

குகைக்குள் விளக்கும் இசையும் வைப்பது உலகம் பூராவும் நடக்கிற காரியம். ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா குகைக்கு 1884லேயே மின்விளக்கு வந்துவிட்டது. அதற்குள்ளே கச்சேரி நடத்துகிற அளவுக்குப் பெரிய கூடம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் லூரே குகையில் 1950களில் லேலண்ட் ஸ்ப்ரிங்கிள் என்பவர் சுண்ணாம்புக்கல் விழுதுகளைத் தேடித்தேடிச் சுருதி சேர்த்து, ரப்பர் சுத்தியலால் தட்ட வைத்து, குகையையே ஆர்கன் வாத்தியமாக்கினார். நம் பக்கத்தில் ஆந்திராவின் போரா குகையில் பச்சை, நீலம், சிவப்பு என்று விளக்குப் போட்டிருக்கிறார்கள். பல லட்சம் வருஷமாகச் சொட்டுச்சொட்டாக உருவான கல், கல்யாண மண்டபத்து சீரியல் லைட் நிறத்தில் நிற்கிறது. கல்லுக்கென்று ஒரு நிறம் உண்டு என்பதே வருகிறவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த வகையில் மிக நேர்த்தியானது என்று நான் நினைப்பது ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் உள்ள டிராக் குகைகளில் நடப்பதைத்தான். உள்ளே மார்த்தெல் ஏரி என்ற நிலத்தடி ஏரி இருக்கிறது. 1896இல் அந்தக் குகைகளை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர் அது. 1930களில் கார்லெஸ் புய்காஸ் என்ற பொறியாளர் அங்கே விளக்கமைத்தார். பார்சிலோனாவின் புகழ்பெற்ற ஒளி நீரூற்றைச் செய்த அதே ஆள். பார்வையாளர்கள் ஏரிக்கரைப் படிகளில் உட்கார்ந்ததும் விளக்குகள் அணைகின்றன. தூரத்து இருட்டிலிருந்து, விளிம்பில் விளக்குக் கட்டிய படகுகள் மெல்ல வருகின்றன. படகுக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சுமார் பத்து நிமிஷம், மேற்கத்திய செவ்வியல் இசையில் எல்லாருக்கும் பழகிய சில உருப்படிகள், அவ்வளவுதான். பிறகு படகுகள் இருட்டுக்குள் திரும்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பேச்சு கிடையாது. ‘நான்தான் காலம் பேசுகிறேன்’ என்று எந்தக் கனத்த குரலும் வராது. இரண்டாவது, இருட்டு அங்கே இடைவேளை அல்ல, அதுவும் நிகழ்ச்சியின் பாகம். மூன்றாவது, நேரம் குறைவு. குகைக்கு நாம் விருந்தாளி என்ற எண்ணம் அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. இதுவும் சுற்றுலா வியாபாரம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் வியாபாரத்துக்குள் ஒரு அடக்கம் இருக்கிறது.

அங்கேயும் விளக்குக்கு ஒரு விலை உண்டு. காட்சிக் குகைகளில் விளக்கு எரிகிற இடத்தைச் சுற்றி, அதுவரை இருட்டில் முளைக்க வழியில்லாத பாசி பச்சையாகப் படரும். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940இல் கண்டெடுக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வந்தவர்கள் விட்ட மூச்சும் எரிந்த விளக்கும் சேர்ந்து சுவரைக் கெடுக்க, 1963இல் மூடிவிட்டார்கள். பதினைந்து வருஷம் பார்த்ததற்கான விலை அது. இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது நகலைத்தான்.

*

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்வாக்கில் சிதறால். கல் பாவிய பாதையில் ஏறினால், இரண்டு பெரும்பாறைகள் சாய்ந்து உண்டாக்கிய இயற்கைக் குகை, அதையொட்டித் தூண் நிறுத்திய மண்டபம், பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்குமேல் முக்குடை. பாம்புப் படத்தின் கீழ் பார்சுவநாதர். குழந்தைகளோடும் சிங்கத்தோடும் அம்பிகா. பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் ஓரிடத்தில் தங்காமல் போய்க்கொண்டே இருக்கும் சமண முனிவர்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, இங்கிருந்த பட்டாரியாருக்கு ஒரு குரத்தி, அதாவது பெண் துறவி, பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் டி.ஏ. கோபிநாத ராவ் இவற்றைப் படித்து அச்சிட்டார். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்தி வருகிறாள். இங்கிருந்து அங்கே நடந்துபோன பெண்களை நினைத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரர் சொன்னார்: “அண்ணே, நம்ம செதறாலுக்கு ஒரு லேசர் ஷோ கொண்டுவந்தா போரும், சாயங்காலம் ஆனா கூட்டம் அலைமோதும் பாத்துக்கிடுங்க. இப்ப வாறவங்க எல்லாம் ரெண்டு போட்டோ எடுத்துட்டு, அரை மணிக்கூர்ல எறங்கி வந்து ‘இவ்வளவுதானா’ன்னு கேக்கியாவ. நமக்காக்கும் நாணக்கேடு.”

அவர் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டம் வள்ளுவர் சிலையையும், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்த்துவிட்டு அப்படியே திருவனந்தபுரம் போய்விடுகிறது. நடுவில் கிடக்கும் மார்த்தாண்டத்துக்கு அதில் என்ன வரும்? ‘குகையின் மௌனத்தைக் கெடுக்காதே’ என்று சொல்பவன் பெரும்பாலும் அந்த மலையடிவாரத்தில் பிழைப்பு நடத்த வேண்டியவன் அல்ல. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள என்னால் முடியாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ‘இவ்வளவுதானா’வுக்குக் காரணம் பார்க்கிறவனின் மட்டித்தனம் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வட்டெழுத்து அவனுக்கு வெறும் கீறல்.

ஆகவே ஏதோ ஒன்று சொல்லப்பட வேண்டும்தான். லேசர் ஷோ அதைச் சொல்லுமா என்பதுதான் கேள்வி. சொல்லாது என்பது என் கருத்து. காரணங்கள் இவை.

முதல் காரணம் கல்லைப் பற்றியது. சிதறாலில் இருப்பவை பாறையிலிருந்து கொஞ்சமே எழும்பி நிற்கும் புடைப்புச் சிற்பங்கள். இந்த வகைச் சிற்பத்துக்கு உயிர் தருவது நிழல். சாய்ந்து விழும் வெயிலில் ஒரு கன்னம், ஒரு முழங்கால், முக்குடையின் ஒரு அடுக்கு என்று மெல்ல எழுந்து வரும். நேரே முகத்தில் விளக்கடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். அதன்மேல் லேசரில் வேறு படம் ஓட்டினால், ஆயிரம் வருஷத்துச் சிற்பம் சும்மா ஒரு வெள்ளைத்துணி.

இரண்டாவது காரணம் அங்கே இருந்தவர்களைப் பற்றியது. சமண முனிவர்கள் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. தீ மூட்டுவதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சி அதில் விழுந்து சாகும் என்பதால். அப்படிப்பட்டவர்கள் இருட்டோடு இருட்டாக உட்கார்ந்திருந்த பாறையில், ராத்திரி ஏழு மணிக்கு ஃபிளட் லைட் போட்டு, ஈசல் மொய்க்க, ‘அகிம்சையின் கதை’ என்று ஸ்பீக்கரில் சொன்னால் எப்படி இருக்கும்? இதைவிடப் பெரிய முரணை எந்த நையாண்டி எழுத்தாளனாலும் யோசிக்க முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஒலி-ஒளிக் காட்சிக்குக் கதை வேண்டும். கதைக்கு நாயகன் வேண்டும், எதிரி வேண்டும், உச்சக்கட்டம் வேண்டும். சிதறாலின் கதையில் அது எதுவும் இல்லை. சமணப் பள்ளியாக இருந்த இடம், 13ஆம் நூற்றாண்டுவாக்கில் பகவதி கோயிலாகியது. தீர்த்தங்கரர்களை யாரும் உடைத்துப் போட்டுவிடவில்லை. சுவரில் அவர்கள் தியானத்தில் இருக்க, பக்கத்தில் பகவதிக்குப் பூசை நடந்தது. பட்டாரியார் எந்த நாளில் பகவதியானாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பேர் மாறியது, கும்பிட வருகிற பாதை மாறவில்லை. இந்த மெதுவான மாற்றத்தை நாற்பது நிமிஷ ஸ்கிரிப்ட்டில் எப்படி எழுதுவீர்கள்? ஒன்று, மாற்றமே நடக்காத மாதிரி ஒரு தரப்பை இருட்டில் விடுவீர்கள். இல்லாவிட்டால் நடக்காத ஒரு சண்டையை நடத்தி, இடிச்சத்தம் போட்டு, சிவப்பு லைட் அடிப்பீர்கள். நான் முன்பே சொன்ன மேஜிக்காரனின் கை இதுதான்.

வேறு ஊராக இருந்தால் இது ரசனைக் குறைவு என்பதோடு போகும். இது 1982இல் மண்டைக்காட்டைப் பார்த்த மாவட்டம். இந்த இடம் முதலில் யாருடையது என்ற கேள்வியைக் கனத்த குரலில், பின்னணி இசையோடு, தினம் ஒருமுறை கேட்பதற்கு இங்கே ஒரு மேடை போட்டுக் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று யோசிக்கத்தான் வேண்டும். கல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால்தான் இருவரையும் வைத்துக்கொண்டு இத்தனை காலம் நிற்கிறது.

*

சரி, குகைக்கு இசையே ஆகாதா? அப்படியில்லை. குகைக்கென்று சொந்தமாக ஒரு இசை இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் அறிவர் கோயிலில், கருவறைக்குள் நின்று ‘ம்’ என்று மெல்ல இழுத்தால் அறை முழுக்க ரீங்கரிக்கும். ஆந்திராவின் பேலம் குகையில் தட்டினால் ஒலிக்கும் கல்விழுதுகள் உள்ள அறைக்கு சப்தஸ்வரம் என்றே பேர். நம் சுசீந்திரத்தில் ஒரே கல்லில் கடைந்த தூண் கூட்டம் தட்டுவதற்கேற்பச் சுரம் தரும். இங்கெல்லாம் கேட்கிறவனும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் இருப்பவனைப் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் அந்த வேலையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கல்லறைக்குள் எதிரொலி ஜாஸ்தி. வசனமும் பின்னணி இசையும் கலந்தால் கடைசியில் கேட்பது வெறும் இரைச்சல்தான்.

ஆட்டோக்காரருக்கு என்ன பதில் சொல்வது? காட்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அது பதில் ஆகாது. நான் சொல்வது இதுதான். விளக்கும் திரையும் மலைக்குக் கீழே இருக்கட்டும். அடிவாரத்தில் ஒரு சின்னக் கூடம். சிற்பங்களின் பெரிய படங்கள், கல்வெட்டுகளின் படி, பக்கத்திலேயே இன்றைய தமிழில் வாசகம், ஏற முடியாத வயசானவர்களுக்கு ஒரு படம். திருநந்திக்கரையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். திருவட்டாறு பக்கம் இருக்கும் அந்தக் குடைவரைக் கோயிலின் கல்வெட்டுதான் ராஜராஜ சோழனின் பிறந்த நட்சத்திரம் சதயம் என்று சொல்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள் கொண்டாடுகிற சதய விழாவுக்கு நம் ஊரில் ஒரு சாட்சி நிற்கிறது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டையும் ஒரு நாளில் பார்க்க வழி செய்தால் சவாரியும் கிடைக்கும், டீக்கடையும் ஓடும். மேலே குகையில் ஊர்ப் பையன்களும் பெண்களும் வழிகாட்டிகளாக நிற்கட்டும். ‘இது பாம்பு, இது குடை, இது சிங்கம், இந்தக் கீறல் ஒரு ஆளுக்க பேராக்கும்’ என்று விரலால் காட்டினால் போதும். பாறையில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

காட்சி எதுவானாலும் நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான். அதைப் பார்த்து முடித்தவனுக்கு, மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் இன்னொரு தடவை வந்து, சத்தமில்லாமல், அந்தச் சுவர் முன்னால் நிற்கத் தோன்றுகிறதா? தோன்றினால் அது நல்ல காட்சி. ‘பாத்தாச்சு, அடுத்து எங்க?’ என்று கேட்டபடி வண்டியேறினால், அவன் பார்த்தது காட்சியை மட்டும்தான். குகையை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.