பிளெண்டரின் அடியில் நடந்த வேலை

முப்பரிமாண வரைகலைக்கான பிளெண்டர் மென்பொருளைப் புகழ்பவர்கள் அதில் உருவான படங்களைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது, எந்தப் படத்திலும் தெரியாத ஒரு வேலை.

2018-இல் மேக் ஓஎஸ் மொஹாவே வந்தபோது, ஓப்பன்ஜிஎல் இனி கைவிடப்பட்ட வரைகலை நூலகம் என்று ஆப்பிள் அறிவித்தது. உடனே பிடுங்கி எறியவில்லை, இருக்கும், வளராது. 2013 முதலே மேக்கில் அது 4.1-ஐத் தாண்டவில்லை. பிளெண்டரோ மெனு, பொத்தான் உட்படத் திரையில் தெரியும் அத்தனையையும் அதைக் கொண்டே வரைந்துவந்தது.

பழைய கட்டளை இருக்கும் இடமெல்லாம் புதியதை எழுதிக்கொண்டே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் மேக்குக்கு ஒரு பிளெண்டர், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வேறொன்று என்று நிரல் இரண்டாகப் பிளந்திருக்கும். பிளெண்டர் நிரலாளர்கள் முதலில் கை வைத்தது வேறு இடத்தில். நிரலெங்கும் சிதறிக் கிடந்த ஓப்பன்ஜிஎல் அழைப்புகளைப் பொறுக்கியெடுத்து, ஜிபியு என்ற இடை அடுக்குக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மற்ற பகுதிகள் அந்த அடுக்கிடம் மட்டும் பேசினால் போதும். புதிய வசதி என்று காட்ட எதுவும் இல்லாத இந்தக் கட்டத்தைத்தான் முழு வேலையிலும் அழகானது என்பேன்.

பிறகுதான் ஆப்பிளின் சொந்த வரைகலை நூலகமான மெட்டல். இரண்டும் பல இடங்களில் வேறுபடும். ஓப்பன்ஜிஎல் ஆழத்தை -1 முதல் 1 வரை அளக்கும். மெட்டல் 0 முதல் 1 வரை. முன்னதற்குப் படம் கீழ் இடது மூலையில் தொடங்கும், பின்னதற்கு மேல் இடது மூலையில். தடித்த கோடு போடும் வசதி மெட்டலில் கிடையாது. கோட்டை முக்கோணங்களாக்கிக் கொடுக்க வேண்டும். ஜியாமெட்ரி ஷேடரும் இல்லை.

வரைகலைச் சிப்பில் ஓடும் சிறு நிரல்களான ஷேடர்களைக் கையாண்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவை ஓப்பன்ஜிஎல்லின் ஜிஎல்எஸ்எல் மொழியில் எழுதப்பட்டவை. அதில் உள்ளீடும் வெளியீடும் எல்லாச் செயற்கூறுகளுக்கும் பொதுவான மாறிகள். மெட்டலின் ஷேடர் மொழி சி++ வழி வந்தது; மதிப்பு மாறக்கூடிய பொது மாறிகளை அது ஏற்காது. அதற்காக எல்லாவற்றையும் திருத்தி எழுதாமல், ஷேடர் முழுவதையும் ஒரு கிளாஸுக்குள் வைத்து மூடிவிட்டார்கள். பொது மாறிகள் அந்த கிளாஸின் உறுப்புகளாகிவிட்டன. ‘வெக்4’ என்று இருப்பதை ‘ஃப்ளோட்4’ என்று படிக்க ஒரு மேக்ரோ. மூல வரிகள் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தன. அடுத்தவர் எழுதியதற்கு இவ்வளவு மரியாதை தரும் நிரலைப் படிப்பதே சுகம்.

ஆப்பிளும் 2021-இல் பிளெண்டர் மேம்பாட்டு நிதியில் சேர்ந்து, பொறியியல் உதவியும் தந்தது. 2023 மார்ச்சில் வந்த 3.5 பதிப்பில் மேக் திரையை மெட்டல் வரையத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில், 4.0 பதிப்போடு மேக்கிலிருந்து ஓப்பன்ஜிஎல் விடைபெற்றது.

அந்த இடை அடுக்கின் பலன் மேக்கோடு நிற்கவில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றாக வல்கன் நுழைந்ததும் அதே வழியில்தான். 2025 ஜூலையில் வந்த 4.5 பதிப்பில், அமைப்புகளில் ஒரு தேர்வை மாற்றி, பிளெண்டரை மூடித் திறந்தால் போதும்.