துணைமாந்தர் மொழியும் தொலைக்காட்சி நகைச்சுவையும்

1. முன்னுரை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் தலைமை மாந்தரைக் காட்டிலும் துணைமாந்தரே பார்வையாளர் நினைவில் நிலைபெறுவது பரவலாகக் காணப்படும் ஒன்றாகும். இதனை நடிகரின் திறமை என்று கூறி அமைவது வழக்கம். திறமையை மறுப்பதற்கில்லை, ஆயினும் இந்நிலைக்கு மொழி சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. தலைமை மாந்தர் பொதுமொழி பேசுகின்றனர். துணைமாந்தர் அதனின்று விலகிய தனிவழக்கைப் பேசுகின்றனர். இவ்விலகலின் இயல்பையும், அதனை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்லும்போது எழும் சிக்கலையும், அதனால் எள்ளப்படுவோர் யாவர் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. திரும்ப வரும் தொடர்

1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'யே ஜோ ஹை ஜிந்தகி', சரத் ஜோஷியின் எழுத்தில் குந்தன் ஷா முதலியோர் இயக்கிய இந்தித் தொடர். ஷபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் இதில் கணவன் மனைவியாகத் தலைமை ஏற்றனர். எனினும் பெரிதும் பேசப்பட்டவர்கள், வாரந்தோறும் வேறு வேறு ஆளாகத் தோன்றிய சதீஷ் ஷாவும், 'இங்கே என்ன நடக்கிறது' எனப் பொருள்படும் ஒரே வினாவை மீண்டும் மீண்டும் எழுப்பிய டிக்கு தல்சானியாவும் ஆவர். முன்னவர் ஒவ்வொரு முறையும் புதிய பேச்சுமுறையை மேற்கொண்டார். பின்னவர் ஒரு தொடரையே தம் அடையாளமாக்கிக்கொண்டார். வழிகள் எதிரெதிரானவை, பயன் ஒன்றே.

பின்னவரின் வினா மொழியியல் நோக்கில் கருதற்குரியது. வடிவத்தில் அது வினாத்தொடர். ஆனால் விடையை வேண்டுவதில்லை. திரும்ப வருதலால் வினாப்பொருள் தேய்ந்து, உணர்ச்சியை மட்டும் புலப்படுத்தும் இடைச்சொல்லின் தன்மையை அது அடைகிறது. தலைமை மாந்தருக்கு இவ்வுரிமை இல்லை. கதையை நகர்த்தும் செய்திகளைக் கூறுவதும் உண்மையான வினாக்களைக் கேட்பதும் அவர்தம் கடமை. கதைச்சுமை ஏறிய மொழியில் விளையாட்டுக்கு இடம் குறைகிறது.

3. பிழையின் இலக்கணம்

1977 முதல் 1979 வரை ஒளிபரப்பான 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்னும் ஆங்கிலத் தொடரில் இவ்வேறுபாடு கதைக்களமாகவே அமைந்துள்ளது. பாரி எவன்ஸ் நடித்த ஆசிரியர் தர ஆங்கிலம் பேசுகிறார். அயல்நாட்டு மாணவர்கள் பிழைபடப் பேசுகின்றனர். தொடர் அம்மாணவர்களாலேயே நினைக்கப்படுகிறது.

அப்பிழைகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. ஜப்பானிய மாணவர் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் ஓகரம் சேர்த்துப் பேசுகிறார். ஜப்பானிய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால், மெய்யீற்றுக் கடன்சொற்கள் துணையுயிர் பெறுவது உண்மையே. 'காரு', 'பஸ்ஸு' எனத் தமிழ்ப் பேச்சிலும் உகரம் சேர்வது ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் ஜப்பானியத்தில் பெரும்பாலும் சேர்வது உகரம். தகர, டகர மெய்களை அடுத்தே ஓகரம் வருவது இயல்பு. எங்கும் ஓகரம் சேர்ப்பது அம்மொழியினரின் பிழையன்று. அவர்களைப் பற்றிப் பிறர் கற்பித்துக்கொண்ட பிழை. உண்மையான பிழைக்கு உள்விதி உண்டு. கற்பித்த பிழைக்கு முத்திரை மட்டுமே உண்டு. இத்தொடரை நிறுத்திய மைக்கேல் கிரேட், இனத்தாரைப் பற்றிய அதன் வார்ப்புச் சித்திரங்களையே காரணமாகக் கூறினார்.

4. தழுவலும் மாற்றமும்

மேற்கூறிய தொடரைத் தழுவி ராஜீவ் மெஹ்ரா இயக்கிய 'ஜபான் சம்பால்கே' 1993இல் தூர்தர்ஷனில் வெளிவந்தது. ஆங்கிலப் பிழையை இந்தியில் மொழிபெயர்த்தல் இயலாது. எனவே தழுவியோர் சொற்களை விடுத்து உறவைக் கொணர்ந்தனர்: ஆங்கில வகுப்பு இந்தி வகுப்பாயிற்று. பங்கஜ் கபூர் ஆசிரியராகவும், விஜு கோட்டே, டாம் ஆல்ட்டர் முதலியோர் மாணவராகவும் நடித்தனர்.

இம்மாற்றத்தால் புதிய வினா ஒன்று எழுகிறது. இந்தியில் பால் இரண்டு, மராத்தியில் மூன்று, வங்காளத்தில் இலக்கணப் பால் இல்லை, தமிழிலோ பால் பொருள் வழிப்பட்டது. ஆகவே இம்மொழியினர் இந்தி கற்கையில் நிகழும் பால் மயக்கங்கள் வேறுபட்ட காரணங்களை உடையன. அவற்றை வேறுபடுத்திக் காட்டும் உரையாடல் மாந்தரைப் படைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கொச்சையாக்கும் உரையாடல் வட்டாரத்தாரை இழிவு செய்கிறது. முசோரியில் பிறந்து இந்தியிலும் உருதுவிலும் சிறந்த புலமை பெற்றிருந்த டாம் ஆல்ட்டர், மொழியறியாத ஆங்கிலேயராக நடித்தது, அப்பேச்சு முற்றிலும் புனையப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் ஸ்பானியப் பணியாளர் மேனுவெலும் இத்தகைய துணைமாந்தரே. ஸ்பானிய ஒலிமாற்றத்தில் அவர் பாவ்லோ என்னும் இத்தாலியர் ஆனார். கட்டலான் வடிவத்தில் மெக்சிகோ நாட்டினர் ஆனார். பேச்சின் அயன்மை காக்கப்பட்டது. ஆனால் எள்ளலின் சுமை ஒரு மக்களிடமிருந்து மற்றொரு மக்களுக்கு மாற்றப்பட்டது. மொழிபெயர்ப்பாளரின் தேர்வு மொழி சார்ந்தது மட்டுமன்று என்பதை இது தெளிவுறுத்துகிறது.

5. முடிவுரை

நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பியம் தனித்தனியே வைக்கிறது. எள்ளலையும், பிறரை எள்ளுதல், பிறரால் எள்ளப்படுதல் எனப் பேராசிரியர் இருவகைப்படுத்துவார். துணைமாந்தரை மதிப்பிட இப்பகுப்பு இன்றும் பயன்படும். டிக்கு தல்சானியாவின் மாந்தர் தம் வினாவால் சூழலை எள்ளுகிறார். ஓகரம் சேர்க்கும் மாணவரோ தம் இனத்தின் பெயரால் எள்ளப்படுகிறார். இருவரும் தலைமை மாந்தரை விஞ்சுகின்றனர். ஆயின் முன்னவர் விஞ்சுவது தனிமனிதராக. பின்னவர் விஞ்சுவது ஓர் இனத்தின் கேலிப் படமாக. துணைமாந்தர் உரையை மொழிபெயர்ப்போர், விலகலின் அளவைக் காப்பதோடு, அவ்விலகல் மூலத்தில் தனிமனிதருக்கு உரியதா, ஓர் இனத்தார்மேல் ஏற்றப்பட்டதா என்பதை முதலில் துணிதல் வேண்டும். பின்னதாயின், அதனை அவ்வாறே பெயர்ப்பது மூலத்தின் குறையையும் உடன் பெயர்ப்பதாகும்.