கேழ்வரகுப் புல்

வடசென்னை ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் குடில் வேலை தொடங்கிவிடும். பழுப்புத் தாளைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை. வைக்கோல் வேய்ந்தால் மாட்டுக்கொட்டகை. என் கண் போவது புல்லின் மேல்தான். தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, காலையும் மாலையும் நீர் தெளித்துவந்தால் 24-ஆம் தேதிக்குள் ஆட்டுப் பொம்மையின் கால் மறையும் அளவுக்குப் பச்சைப்பசேலென வந்துவிடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல்விரிப்பை நான் புல் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தக் குடில் வழக்கத்துக்குத் தாய்வீடு இத்தாலி. 1223-இல் அசிசி பிரான்சிஸ் கிரெச்சோ என்ற மலையூரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பித் தொழுவத்தைக் காட்டினார். இன்று நேப்பிள்ஸின் சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் ஆண்டு முழுவதும் குடில் பொம்மை வியாபாரம். மீன்காரி, பீட்சா சுடுபவர், கால்பந்து வீரர் என்று ஊரே சுடுமண்ணில் கிடைக்கும். நம் கொலுவில் கிரிக்கெட் அணி ஏறுவதுபோலத்தான். இயேசு பிறந்த இடத்தில் கால்பந்து வீரருக்கு என்ன வேலை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. படகோட்டிகள் கட்டிய புனித ராயப்பர் ஆலயம் நிற்கும் ராயபுரத்தில் கட்டுமரப் பொம்மை வைத்தால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள்?

இத்தாலியக் குடில்களில் தரைக்குக் காட்டுப்பாசி. குழந்தை பொம்மை இங்கே போலவே 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் வரும். மூன்று ராஜாக்களுக்கு ஜனவரி 6 வரை நேரமுண்டு. இத்தாலியில் படிக்கும் வடசென்னைப் பிள்ளைக்குக் கேழ்வரகு சுலபத்தில் கிடைக்காது; கோதுமையும் நன்றாகவே முளைக்கும், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால்.