அருமை என்னும் இலட்சணம்

‘அருமை’ என்ற நம் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. செய்வதற்கு அரிதாயிருப்பதும் அருமை. கிடைப்பதற்கு அரிதாயிருப்பதும் அருமை. பந்தய வம்சத்தில் தோன்றிச் சாலைக்கு வந்த உயர்தர மோட்டார் வண்டிகளைப் பற்றி, அவற்றைச் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும், வாங்க இயலாமல் படங்களைப் பார்த்தே மகிழ்கிற நம் போன்றவர்களும் பல ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிற பேச்சையெல்லாம் ஊன்றிக் கவனித்தால், இவ்விரண்டு பொருள்களையும் ஒன்றென மயங்கியதால் விளைந்த குழப்பமே அதில் பெரும்பகுதி என்பது புலப்படும். முதல் அருமையிலிருந்து தானாகப் பிறக்கும் இரண்டாவது அருமையே மதிக்கத்தக்கது என்பது என் கட்சி. அந்தக் கண்கொண்டே இவ்வண்டிகளின் பாணிகளை இங்கே நோக்க விரும்புகிறேன்.

விலையும் சொகுசும் மட்டும் இவ்வம்சத்துக்கு அடையாளமாகா. ரோல்ஸ்-ராய்ஸில் அமர்ந்திருப்பவருக்குச் சாலை இருப்பதே தெரியலாகாது என்பது அவ்வண்டியின் தர்மம். ஸ்போர்ட்ஸ் காரிலோ, சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஸ்டியரிங் வழியே ஓட்டுகிறவரின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். இரண்டும் உயர்ந்தவைதாம், ஆனால் வேறு வேறு குலத்தவை. 1923-இல் தொடங்கிய லெ மான் 24 மணி நேரப் பந்தயமும், 1927 முதல் 1957 வரை, இடையே யுத்தத்தால் தடைப்பட்டும், பிரெஸ்சியா நகரிலிருந்து ரோமாபுரி சென்று திரும்பும் ஆயிரம் மைல் பொதுச்சாலையில் நடைபெற்ற மில்லே மிலியாப் பந்தயமுமே இக்குலத்துக்கு உரைகற்களாக இருந்தன.

பாணிகளுள் முதலிடம் இத்தாலிக்கு. அதிலும் மொடெனா என்ற ஒரே ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சொன்னால் போதும். இங்கே 1898-இல் பிறந்த என்சோ ஃபெராரி, 1929-இல் பந்தயக் குழு ஒன்றை நிறுவி ஆல்ஃபா ரோமியோ வண்டிகளைப் பந்தயத்துக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கம்பெனியோடு பிணங்கி வெளியேறி, யுத்தத்தின் நடுவே தம் பட்டறையை அண்டையிலுள்ள மரனெல்லோவுக்கு மாற்றி, 1947-இல் தம் பெயர் தாங்கிய முதல் வண்டியை ஓட்டிக் காட்டினார். அதன் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் அந்தச் சிறிய கொள்ளளவை ஜோவாக்கினோ கொலொம்போ என்ற நிபுணர் 12 சிலிண்டர்களாகப் பங்கிட்டு வைத்தார். ஒவ்வொரு சிலிண்டரும் 125 கன சென்டிமீட்டர். ஆகவே வண்டியின் பெயரும் 125. நான்கு சிலிண்டர்களில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்குப் பன்னிரண்டு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, அந்த எஞ்சின் வேகம் கூடக் கூட எழுப்புகிற நாதத்தைக் கேட்டுப் பாருங்கள் என்பதைத் தவிர வேறு சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என்சோவுக்குப் பந்தயமே உயிர். செல்வர்களுக்குச் சாலை வண்டி விற்றது பந்தயச் செலவுக்குப் பணம் தேடுவதற்காகவே. எஞ்சின்தான் முக்கியம், மற்றதெல்லாம் அதைச் சுமக்க வந்தது என்ற மனப்பான்மையிலிருந்து இத்தாலியப் பாணியை மீட்டு அதற்கு ரூபலாவண்யம் சேர்த்தவர்கள் உடலமைப்புக் கலைஞர்களான பினின்ஃபரினா போன்றவர்கள். என்சோவும் பினின்ஃபரினாவும் கைகோத்த கதை பாணியின் சுபாவத்தையே காட்டும்: ஒருவர் மொடெனாவில், மற்றவர் டூரினில், தம்முடைய ஊரை விட்டு மற்றவர் வாசலுக்குப் போக இருவருக்கும் மானம் இடங்கொடுக்கவில்லை, ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட தொர்தோனா என்ற ஊரில் ஓர் உணவு விடுதியில் சந்தித்து உடன்பாடு செய்துகொண்டார்கள்.

1962 முதல் 1964 வரை உருவான 250 ஜி.டி.ஓ. இந்தப் பாணியின் சிகரம். மூன்று லிட்டர் எஞ்சின் பூண்டு வெளிவந்தவை 36. பந்தய விதிப்படி நூறு வண்டிகள் செய்திருக்க வேண்டும். இது புதிய வண்டியன்று, முந்தைய 250-இன் திருத்தமே என்று வாதித்து என்சோ அனுமதி பெற்றார். வாங்க வந்தவர்களையும் அவரே பார்த்துத் தேர்ந்தார். ஆனால், ‘முப்பத்தாறோடு நிறுத்துவோம், அப்போதுதான் மதிப்பு ஏறும்’ என்று யாரும் கணக்கிட்டு நிறுத்தவில்லை. பந்தயத்துக்கு வேண்டிய மட்டும் செய்தார்கள், வேறு வண்டி வந்ததும் இதை விட்டுவிட்டார்கள். சில வருஷங்களுக்குப் பின், பந்தயத்தில் அடிபட்டுப் பழசாய்ப்போன இவ்வண்டிகள் சொற்ப விலைக்குக் கைமாறின. அவற்றுள் ஒன்று 2018-இல் கலிபோர்னியாவில் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. ‘பிங்க் ஃப்ளாய்ட்’ இசைக்குழுவின் நிக் மேசன் 1970-களில் தமதாக்கிக்கொண்ட ஜி.டி.ஓ.வைக் கண்ணாடிக் கூண்டில் வைக்காமல் பழைய வண்டிப் பந்தயங்களில் ஓட்டியே வந்திருக்கிறார். எனக்கு அந்த ஏலத்தைவிட இந்தச் செய்தியே பெரிதாகப் படுகிறது.

அதே மொடெனாச் சுற்றுப்புறத்தில், டிராக்டர் செய்து செல்வரான ஃபெருச்சோ லம்போர்கினி 1963-இல் ஆரம்பித்த கிளை, பந்தயத்தை வேண்டாமென்று விலக்கிய கிளை. என்சோவிடம் தம் ஃபெராரியின் கிளட்சைப் பற்றிக் குறை சொல்லப் போய் அவமதிக்கப்பட்டதால்தான் இவர் போட்டிக்கு இறங்கினார் என்று சொல்வதுண்டு. அது எப்படியாயினும், 1965-இல் டூரின் கண்காட்சியில் இவருடைய கம்பெனி மேல்மூடியே இல்லாத வெறும் சேஸிஸை வைத்திருந்தது. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் 12 சிலிண்டர் எஞ்சின் குறுக்குவாட்டில் கிடந்தது. அதைக் கண்டே பணம் கட்ட முன்வந்தவர்கள் உண்டு. மறு வருஷம் அதற்கு மார்செல்லோ கந்தினி உடல் வரைந்து கொடுக்க, மியூரா பிறந்தது. சேஸிஸ் அமைத்த தல்லாரா, ஸ்தன்சானி, உடல் வரைந்த கந்தினி ஆகிய மூவரில் ஒருவருக்கும் அந்த டூரின் கண்காட்சியின்போது முப்பது வயது நிறையவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஜெர்மானியப் பாணியில் சிருங்காரம் குறைவு, தவம் அதிகம். 1948-இல் ஆஸ்திரியாவின் க்மூண்ட் என்ற சிற்றூரில், மர அறுவை ஆலையாக இருந்த இடத்தில் முதல் வண்டியைச் செய்த போர்ஷே கம்பெனி, 1963-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற வண்டியைக் காட்டியது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் தனக்கே உரியது என்று பிரெஞ்சு பெஜோ கம்பெனி ஆட்சேபித்ததால், அது 911 ஆயிற்று. எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிற அமைப்பு அதனுடையது. வளைவில் வேகத்தைத் திடீரென்று குறைத்தால், பின்பாரம் வண்டியையே சுழற்றிவிடும். இயற்பியல் படித்த எவரும் இது பிழையான அமைப்பு என்றே சொல்வார். அந்தப் பிழையைக் கைவிடாமல், சக்கரத்தின் கோணம், டயரின் அகலம், சஸ்பென்ஷன் என்று ஒவ்வொன்றாக அறுபது வருஷம் திருத்தித் திருத்தி, அப்பின்பாரத்தையே வளைவிலிருந்து வெளியேறும்போது சாலையைப் பற்றிக்கொள்ளும் பலமாக மாற்றிய விடாமுயற்சிக்கு மோட்டார் சரித்திரத்தில் ஈடு கிடையாது.

2017 மே மாதத்தில் பத்து லட்சமாவது 911 வெளிவந்தது. என் கட்சிக்கு இதைக் காட்டிலும் உறுதியான சாட்சி வேண்டியதில்லை. பத்து லட்சம் எண்ணிக்கையில் செய்த பொருளை ‘கிடைப்பதற்கு அரிது’ என்று யார் சொல்வார்? ஆயினும் அதை ஓட்டியறிந்தவர்கள் ஃபெராரிக்கு நிகராக வைத்து எண்ணுகிறார்கள். செய்வதன் அருமை நிறைந்திருந்தால், கிடைப்பதன் அருமை குறைந்தாலும் மதிப்புக் குன்றுவதில்லை.

ஆங்கிலப் பாணி பட்டறைப் பாணி. ஆஸ்டன் மார்ட்டின் வண்டிகளின் அலுமினியத் தகடுகளை நியூபோர்ட் பாக்னெலில் கைச்சுத்தியலால் தட்டியே உருக்கொடுத்து வந்தார்கள். எஞ்சினைக் கோத்த தொழிலாளியின் பெயர் பொறித்த சிறு தகட்டை அதன்மேல் பதித்தார்கள். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் பலத்தைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதே மேல் என்றார். இவ்விரண்டு குணங்களும் ஒருங்கே விளைந்தது, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மரே 1990-களில் படைத்த மெக்லாரன் எஃப் 1 என்ற வண்டியில். ஓட்டுகிறவர் வண்டியின் நட்டநடுவில் அமர்வார். இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இருவர். கார்பன் நாரினால் ஆன கூடு, பி.எம்.டபிள்யூ கம்பெனியின் பால் ரோஷே செய்து தந்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், டர்போ கிடையாது. எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு போர்த்தியிருக்கும். ஆடம்பரத்துக்கென்று நினைப்பவர் பலர்; தங்கத்தைப்போல் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பொருள் கிடைப்பது கடினம், அவ்வளவுதான். பந்தயத்துக்கென்று செய்யாத இவ்வண்டி, செல்வர்களின் வற்புறுத்தலால் சிறிது மாற்றப்பட்டு, 1995-இல் லெ மானில் இறங்கிய முதல் தடவையே முதலிடம் பெற்றது. 1998-இல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகம் கண்டது. எதிர்பார்த்த அளவுக்கு வாங்குவார் இல்லாமல், பந்தய வண்டிகளையும் மாதிரிகளையும் சேர்த்து 106 எண்ணிக்கையோடு உற்பத்தி நின்றுவிட்டது. இன்று அதைத் தேடி அலைகிறவர்கள் அன்று எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிரான்சில் மோல்ஷைம் நகரத்து புகாட்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எத்தோரே புகாட்டி மன்னர்களுக்கென்று நினைத்துச் செய்த ராயல் என்ற மாபெரும் வண்டி ஏழோடு நின்றது. அவற்றில் மூன்றே விலைபோயின. மிச்சமான எஞ்சின்கள் ரயில் பெட்டிகளை இழுத்தன. புகாட்டி என்ற அதே பெயரில் 2005-இல் வெளிவந்த வெய்ரான், 1,001 குதிரைச்சக்தி கொண்டது. அது எழுப்பும் சூட்டைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர்கள் வேண்டியிருந்தன. மணிக்கு 407 கிலோமீட்டர் என்ற உச்ச வேகத்தைத் தொடத் தனியாக ஒரு சாவி போட வேண்டும்.

இனி, அரிதாக்கப்படும் அருமைக்கு வருவோம். 1995-இல் ஃபெராரி தன் எஃப் 50 வண்டியை 349 எண்ணிக்கையில் செய்வதாக அறிவித்தது. சந்தை கேட்கக்கூடிய 350-க்கு ஒன்று குறைவாக என்பது அதற்குக் காரணம். பின்வந்த அபூர்வ வண்டிகளுக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது, அழைப்பு வர வேண்டும். அழைப்பு வருவதற்கு முன்பே அக்கம்பெனியின் வண்டிகள் சில வீட்டில் நிற்க வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது. இதைச் செருக்கு என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட நான் தயாரில்லை. வாங்கிய மறுவாரமே இரட்டிப்பு விலைக்கு விற்றுவிடும் தரகுப் புத்தியிலிருந்து வண்டியைக் காக்க வேண்டியிருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஃபோர்டு ஜி.டி.க்கு இரண்டு வருஷம் விற்பதில்லை என்று கையெழுத்தே வாங்கினார்கள். ஆயினும், இத்தனையில் இன்னது என்று எண் பொறித்த தகடு ஒன்றை ஒட்டுவதால் மட்டும் வண்டிக்கு ஒரு குணமும் ஏறிவிடாது. முப்பத்தாறு ஜி.டி.ஓ.க்களும் நூற்றாறு மெக்லாரன்களும் அப்படி எண்ணி அரிதானவை அல்ல.

இத்தகைய வண்டியை உடையவராக இருப்பது பரிசாரகம் பண்ணுவதற்கு ஒப்பானது. ஃபெராரி எஃப் 40-இன் பெட்ரோல் தொட்டி ரப்பர்ப் பைகளால் ஆனது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காலக்கெடுவில் அவற்றை மாற்ற வேண்டும். அதே கம்பெனியின் டெஸ்டரோசா வண்டியில் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். அசையாமல் நின்றால் டயர் இறுகும், சீல்கள் காயும், பாட்டரி மடியும். முதலீடு என்று கருதிப் பூட்டி வைத்தவர்களைவிட, மாதத்துக்கு இரண்டு முறை விடியற்காலையில் எண்ணெய் சூடாகும்வரை பொறுத்திருந்து, பிறகு ஓட்டுகிறவர்களின் வண்டிகளே ஆரோக்கியமாக இருப்பதைப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் அறிவர்.

நம் ஊரிலும் இந்த அருமையை உணர்ந்தவர்கள் இல்லாமற்போகவில்லை. சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்த நாட்களில், ஃபெராரியைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த இளைஞர்கள், கிடைத்த எஞ்சினையும் கிடைத்த கியர்ப்பெட்டியையும் இணைத்துத் தம் கையாலேயே ‘ஸ்பெஷல்’ வண்டிகளைக் கட்டி ஓட்டினார்கள். மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தய வண்டிகள் செய்து பல இளைஞர்களுக்கு வழி திறந்த கரிவர்தனின் பெயரைக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் இன்றும் தாங்கி நிற்கிறது.

கடைசியாக ஒரு வண்டி. 1955-இல் மெர்செடிஸ் கம்பெனியின் தலைமை நிபுணர் ரூடால்ஃப் ஊலன்ஹாட், பந்தயங்களை வென்றுகொண்டிருந்த 300 எஸ்.எல்.ஆர். வண்டியின்மேல் கூரையும், இறக்கைபோல் மேலெழும் கதவுகளும் பொருத்தி இரண்டே வண்டிகள் செய்தார். அவ்வருஷத்தோடு கம்பெனி பந்தயத்தை விட்டு விலகவே, அவை எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. வேலையற்று நின்ற ஒன்றுக்குப் பெட்டி அளவு சைலன்சர் ஒன்றைப் பக்கத்தில் பூட்டி, ஊலன்ஹாட் சாலையில் ஓட்டி வந்தார். அவ்விரண்டில் ஒன்று 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலத்தில் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. மற்றொன்று அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. ஊலன்ஹாட் ஓட்டியது அவருக்குச் சொந்தமான வண்டியன்று, கம்பெனி வண்டி.