மறுக்கத் தெரியாத விசுவாசம்

பெல்ஹார் அறிக்கையை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் சபை, 'கலப்பினத்தவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்காக 1881இல் ஒரு மிஷன் சபையைப் பிரித்து வைத்தது. அப்படிப் பிரித்து வைக்கப்பட்ட சபைதான் 1982இல் இதை எழுதி, 1986இல் தன் விசுவாச அறிக்கையாக ஏற்றது. சின்ன ஆவணம். ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஒற்றுமை, ஒப்புரவு, நீதி என்று மூன்று இடத்திலும் 'விசுவாசிக்கிறோம்' என்பதோடு அது நிற்பதில்லை. ஆகையால் இன்ன உபதேசத்தை மறுக்கிறோம் என்று அடுத்த அடியையும் வைக்கிறது. சபையில் சேர ஒருவருடைய பிறப்புவழியைக் கணக்கில் எடுக்கலாம் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ போதிக்கிற எதையும் மறுக்கிறது. பிறப்புவழி! நிறம் என்று மட்டும் சொல்லி முடித்திருந்தால் நமக்கு எட்டாமல் போயிருக்கும்.

இந்த மறுப்பு ஏன் தேவைப்பட்டது? 1857இல் கேப் காலனி சினடு ஒரு தீர்மானம் போட்டது. எல்லாரும் ஒரே சபையில் இருப்பதுதான் வேதத்துக்கு ஒத்தது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி ஆராதனை நடக்கலாம். பலவீனம் யாருக்கு? வெள்ளைக்காரனுக்கு. வெளியே போனவன் யார்? கறுப்பன். உபதேசம் சரியாகவே இருந்தது. அதன் வாலில் ஒரு 'ஆனாலும்' ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த 'ஆனாலும்' வளர்ந்து தனிச் சபையானது. பிறகு நிறவெறிக்கே வேத விளக்கமானது.

நம்ம ஊர் 'ஆனாலும்' இதைவிடப் பழசு. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விடச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். பின்னால் வந்த லைப்சிக் மிஷன், சாதி சமூக வழக்கம்தான், மத விஷயமல்ல என்று இடம் கொடுத்தது. சாதியை உபதேசத்துக்கு வெளியே தள்ளியதும் ஒரு உபதேசம்தான். எழுதி வைக்காத உபதேசம் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்க முடிவதில்லை.

எங்கள் சபையில் உபதேசத் தெளிவுக்குக் குறைச்சல் இல்லை. திடப்படுத்தல் வகுப்பில் முழுக்கு ஞானஸ்நானக்காரன் எங்கே தப்பு, ரோமன் சபை எங்கே தப்பு என்று புட்டுப்புட்டு வைத்தார்கள். பெந்தெகொஸ்தேயில் போய் மறுபடி முழுக்கு எடுத்தவன் பேரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். சாதி பார்த்தே முடிக்கிற கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தண்ணி தலையில ஊத்துறதா, ஆளை முக்குறதா என்பது உபதேசப் பிரச்சினை. கல்லறைத் தோட்டத்தில் நம்ம பக்கம் ஒரு சுவர் நிற்கிறது, அது உபதேசப் பிரச்சினை இல்லை.

2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதி அங்கே சமூகப் பாவம். பாவமென்றால் அறிக்கையிட்டுவிட்டு அடுத்த வாரமும் செய்யலாம். பெல்ஹார்க்காரர்கள் பிடித்த இடம் வேறு. அதே 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்குச் சொல்லப்பட்ட வேத நியாயத்தைக் கள்ள உபதேசம் என்றே தீர்ப்பளித்து, இரண்டு வெள்ளையர் சபைகளின் அங்கத்துவத்தை நிறுத்தி வைத்தது. பாவத்துக்கு மன்னிப்பு கேட்டால் போதும். கள்ள உபதேசத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் பந்தியிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

"உபதேசம் பேசினா பஞ்சமி நிலம் திரும்பி வருமா?" என்று இயக்கத் தோழர்கள் கேட்பார்கள். வராதுதான். ஆனால் பெல்ஹார் சும்மா கிடக்கவில்லை. வெள்ளையர் சபை ஒன்றாகச் சேரலாம் என்று பேச வந்தபோதெல்லாம், இதில் கையெழுத்துப் போடு என்று குறுக்கே நின்றது. போட முடியாமல் அவர்கள் இழுத்தடித்ததே, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

நானும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிச் சேகரக் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்று நடக்கிறவர் திருவிருந்தில் பங்குபெறக் கூடாது. குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஊர் வழக்கம் தம்பி, உபதேச சம்பந்தமான விஷயம் இல்ல" என்றார். செயலாளர் அடுத்த பொருளை வாசித்தார். மைக் செட் ரிப்பேர்.