லிசா போலெக்கின் 2008 கட்டுரையும் கூட்டல் கணக்கும்

லிசா போலெக் அமெரிக்க சமூக உளவியலாளர். கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களின் மன அழுத்தத்தையும் மீண்டெழும் திறனையும் ஆராய்ந்தவர். பல விளிம்புநிலை அடையாளங்களை ஒருங்கே கொண்டவர்களின் வாழ்வை எப்படி ஆராய்வது என்பது, 2008இல் 'செக்ஸ் ரோல்ஸ்' ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையின் பொருள். அதில் அவர் பிறருடைய ஆய்வுகளைக் குறைகூறவில்லை. தம்முடைய ஆய்வுகளையே கூண்டில் ஏற்றுகிறார்.

சிக்கலின் வேர் சட்டத்துறையில் உள்ளது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்தே வந்தது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இனத்தையும் பாலினத்தையும் இணைத்து வழக்காட இடமில்லை என்றும் கூறியது. இதை ஆராய்ந்த கிம்பர்லி கிரென்ஷா 1989இல் 'குறுக்குவெட்டு' என்ற கருத்தை முன்வைத்தார்.

நீதிமன்றம் செய்த பிழையையே ஆய்வாளரின் வினாத்தாளும் செய்கிறது என்பது போலெக்கின் வாதம். இனம், பாலினம், பாலீர்ப்பு என்று தனித்தனியே கேட்டால் பதிலும் தனித்தனியாகவே வரும்; பிறகு அவற்றைக் கூட்டி ஒரு மனுஷியை உருவாக்க முடியாது. புள்ளியியல் முறைகளும் இத்தகைய பிரிப்பையே முன்கூட்டி நம்புகின்றன.

அடையாளம் ஒன்று கூடினால் நலம் ஒரு படி குறையும் என்ற கணக்கை வேறு தரவுகளும் ஐயுற வைக்கின்றன. பாகுபாட்டுக்கு நடுவிலும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட மேலான மனநலச் செழிப்பைக் காட்டியதாகக் கோரி கீஸ் 2009இல் எழுதினார். (இதைக் காட்டிப் பாகுபாடு தீங்கற்றது என்று வாதிடுவோரும் உண்டு, அது தரவின் குற்றமன்று.)

கட்டுரையின் பலவீனம் அது தரும் தீர்வில் உள்ளது. பதிலளிப்பவர் அடையாளங்களின் இணைப்பைச் சொல்லாவிட்டாலும், சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆய்வாளர் அதைப் பொருள்கொள்ள வேண்டும் என்கிறார் போலெக். அந்தப் பெண் சொன்னது எங்கே முடிகிறது, ஆய்வாளர் சேர்த்தது எங்கே தொடங்குகிறது? இதற்குத் தெளிவான எல்லைக்கோடு எதையும் கட்டுரை தரவில்லை.

பிற்காலத்தில் கிளேர் எவன்ஸ் உள்ளிட்டோர் பயன்படுத்திய பலநிலை மாதிரிகள் ஒவ்வோர் அடையாளச் சேர்க்கையையும் தனிக் குழுவாகக் கொள்கின்றன. இது கூட்டலைவிட மேல். ஆனால் சில பேரே உள்ள குழுவின் மதிப்பீட்டை இம்மாதிரி பொதுப்போக்கின் பக்கம் இழுத்துவிடும். மிகச் சிறுபான்மையாக இருப்பவர்களே இங்கும் முதலில் மங்கிப்போகிறார்கள்.