கைமாறும் கலை: பத்துமலைத் தடத்திலிருந்து ஒரு பார்வை

1984 முதல் 1998 வரை மலேசியாவின் தேசியக் கலைக்கூடம் கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய மெஜஸ்டிக் ஹோட்டலில் இருந்தது. ஈப்போவிலிருந்தோ ஜொகூர் பாருவிலிருந்தோ ரயிலேறி வந்த ஓவியருக்குச் சாலையைக் கடந்தால் போதும். ஆனால் கலைக்கூடத்துக்குப் படம் போவது ஒன்று, ஓர் ஓவியர் கையிலிருந்து இன்னோர் ஓவியர் கைக்குப் போவது வேறு. முன்னதில் தேர்வுக்குழு உண்டு, விலை உண்டு. பின்னதில் இருவருமே படைப்பவர்கள். கொடுத்தவர் வாங்கியும் ஆக வேண்டும்.

இந்த இரண்டாவது வகைக்கு வரலாற்றில் தெளிவான சான்று 1888இல் கிடைக்கிறது. தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்த வின்சென்ட் வான்கோ, வடமேற்கே இருந்த ஓவியர்கள் கோகானையும் எமில் பெர்னாரையும் ஒருவர் மற்றவரை வரைந்து அனுப்பும்படி கேட்டார். ஜப்பானிய ஓவியர்கள் தங்களுக்குள் படங்களை மாற்றிக்கொண்டார்கள் என்று படித்ததில் அவருக்குப் பெரிய ஈர்ப்பு. கோகானும் பெர்னாருமோ தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்து, பின்சுவரில் மற்றவர் படத்தைச் சின்னதாகப் பொருத்தி அனுப்பினார்கள். வான்கோ பதிலுக்குத் தன்னைப் பௌத்தத் துறவி போல வரைந்து கோகானுக்குக் கொடுத்தார். அக்டோபர் 23ஆம் தேதி விடியும் முன் ரயிலில் வந்திறங்கிய கோகான் நிலையத்தருகே ஒரு காப்பிக்கடையில் ஒதுங்கினார். கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். கோகான் அனுப்பிய படத்தை வான்கோ முன்பே அவரிடம் காட்டியிருந்தார். ஆளுக்கு முன்னால் படம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் துறவிப் படத்தைக் கோகான் பின்னாளில் விற்றுவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விற்கக் கூடாது என்பதையே விதியாக்கியவர் சூரிச் நகரின் ஸ்டிர்னமான். 1997இல் அவர் தொடங்கிய ஓவியர் அட்டைகளின் அளவு 64க்கு 89 மில்லிமீட்டர், சீட்டுக்கட்டின் ஒரு சீட்டளவு. நேரில் சந்தித்துத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு நேர் எதிரான முனையில் 2013இல் அமெரிக்காவில் கலைஞர் டக் ஐட்கன் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ பக்கம் ஓட்டிய கலை ரயில். ஜீன்ஸ் நிறுவனத்தின் பணம், நிலையத்துக்கு நிலையம் நிகழ்ச்சி, ஏகப்பட்ட விளக்கு. பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதை நான் கச்சேரி என்றுதான் சொல்வேன். பரிமாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயிலும் கலையும் பலமுறை உரசியிருக்கின்றன. செந்தூலின் ரயில்வே பட்டறைக் கட்டடம் ஒன்று 2005இல் நாடக அரங்கமாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழகத்துக் கூலிகளும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் குடியிருந்த தெருக்களுக்கருகே, 2015இல் சாஞ்சி தோரணத்தின் சாயலில் ஒரு வாயில் எழுந்தது. இந்திய அரசு தந்த அன்பளிப்பு அது. அன்பளிப்புக்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அது நம் கணக்கில் சேராது.

கணக்கில் சேரக்கூடியவை வேறு. ராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னை ஓவியக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்தபோது இந்தியச் சுவரோவியங்களின் நீண்ட கண்களும் வளைந்த உடல்களும் கூடவே வந்தன. அவருடைய பெரிய ராமாயண ஓவியம் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மலேசிய ஓவியத்துக்குச் சென்னையிடமிருந்து கிடைத்த உருப்படியான வரவு என்று நான் இதைத்தான் சொல்வேன். செலவுப் பக்கம் என்ன எழுதுவது?

நடனம் இதில் முந்திக்கொண்டது. ஒடிசாவில் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசி கற்ற ராம்லி இப்ராஹிம், 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா குழுவைத் தொடங்கி, அதே ஒடிசியை இந்திய மேடைகளுக்கே கொண்டுபோனார். 2018இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. வாங்கியதைத் தன் கைப்பக்குவத்தோடு திருப்பிக் கொடுத்தவர் அவர்.

சிற்பத்தின் கதை வேடிக்கையானது. பத்துமலையின் 140 அடி முருகனைத் திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன் தலைமையில் வந்த சிற்பிகள் செய்தார்கள். 2006 தைப்பூசத்தையொட்டித் திறந்தார்கள். பூசிய பொன்வண்ணம் மட்டும் 300 லிட்டர், அதுவும் தாய்லாந்திலிருந்து. அதே ஸ்தபதியின் கையால் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே முத்துமலையில் 146 அடி முருகன் எழுந்து, 2022 ஏப்ரலில் குடமுழுக்குக் கண்டார். தமிழ்நாட்டுக் கை இங்கே செய்தது, இங்குள்ள வடிவம் தமிழ்நாட்டுக்குப் போனது. பரிமாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறடியில் பதிலைவிடப் போட்டிதான் அதிகம் தெரிகிறது.

சிறிய அளவில் ஓவியர்களிடையே பரிமாற்றம் நடக்க வேண்டுமென்றால் தடம் தயாராகவே இருக்கிறது. 2010இல் பத்துமலைக்குக் கொமுட்டர் மின்ரயில் வந்தது. 2015 கடைசிவரை அதே கொமுட்டர் கிள்ளான் வழியாகத் துறைமுகம்வரை ஓடியது. தடங்களை மாற்றியமைத்த பின் நடுவில் இறங்கி ரயில் மாற வேண்டியதாயிற்று; மாறக்கூடிய நிலையங்களில் ஒன்று பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரல். பயணிக்கு அது தொல்லை, ஓவியருக்கு வசதி. இரு திசையிலிருந்தும் வருபவர்கள் சந்திக்கக்கூடிய இடம் அது. தைப்பூசக் கூட்டத்தில் சட்டம் போட்ட கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. சீட்டளவு அட்டை சட்டைப் பையில் அடங்கும். கல்லூரியில் படித்த ஓவியர்களோடு, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவரும், காவடிக்கு மயிலிறகு கட்டுபவரும், கோலம் போடும் அம்மாவும் அட்டை கொண்டுவர வேண்டும். அவர்களுடைய கைவேலைக்கு ஈடாக என்ன கொடுப்பது என்று கல்லூரி ஓவியர்கள் கொஞ்சம் திணறட்டுமே.